இரண்டு சுவர் விதி

1

என் மகள் ஓல்யாவுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். சொந்த ஊரின் வரலாற்றையும் அங்கே பார்க்க வேண்டிய இடங்களையும் பத்துப் படங்களோடு வகுப்பில் சொல்ல வேண்டும். மலாயில் எழுதி முடித்துவிட்டு, பிழை பார்த்துக் கொடு என்று என்னிடம் நீட்டினாள்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆசையாக உட்கார்ந்தேன். முதல் படத்தில் ஓர் அணைக்கட்டு இருந்தது. அடடா என்று மனசு குதித்தது. அடுத்த கணமே அது எந்த அணை என்று தெரிந்துவிட்டது. ரிங்லெட் ஏரியின் அணை. அதற்கடுத்துத் தேயிலைச் சரிவு, ஸ்ட்ராபெரிப் பண்ணை, தோட்டத்து மாரியம்மன் கோயில், சாலையோரத்தில் சோளம் அவித்து விற்கும் அக்காவின் வண்டிகூட இருந்தது. கடைசி வரி இப்படி முடிந்தது: இதுதான் என் சொந்த ஊர்.

ரிங்லெட் என் சொந்த ஊர். மலேசியாவில், கேமரன் மலையின் இந்தத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில்தான் நான் பிறந்தேன். ஓல்யா பிறந்தது உக்ரேனில், நீப்பர் ஆற்றங்கரையில் உள்ள சப்போரிஷியா நகரத்தில். பன்னிரண்டு வயதுவரை அவள் வேறெந்த ஊரையும் பார்த்ததில்லை. இங்கே வந்து மூன்று வருடம்தான் ஆகிறது.

"ஏம்மா, நம்ம ஊரப் பத்தி எழுதியிருக்கலாமில்ல?" என்றேன்.

"எழுதிட்டேனே."

"இது என் ஊரு. ஒன் ஊரு அங்க இருக்கு."

அவள் தாளை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். "அங்கன்னு சொன்னா எல்லாரும் போர் பத்தியே கேப்பாங்கம்மா. குண்டு பாத்தியா, செத்தவங்கள பாத்தியான்னு. மாலாஸ் லா."

மாலாஸ் என்றால் சலிப்பு. மலாய்ச் சொல். இங்கே பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பதினைந்து வயதுப் பெண்ணிடம் கோபித்துக்கொண்டு அழுவது தாய்க்கு அழகில்லைதான். ஆனாலும் எனக்குப் பயமாக இருந்தது. இவள் ஊரை மறந்துவிட்டாள் என்றால் அடுத்து மறக்கப்போவது யாரை? அந்த ஊரில் இவளுடைய அப்பா இருக்கிறார்.

2

பத்திரிகை நடத்தும் தோழி ஒருத்தி, உன் வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுது என்று இரண்டு வருடமாக நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். எது வெளிநாடு என்று சொல், எழுதுகிறேன் என்று தட்டிக்கழித்து வந்தேன். பத்தொன்பது வயதில் மருந்தியல் படிக்க விமானம் ஏறியவள், நாற்பத்து மூன்றில் ஒரு பெட்டியும் ஒரு பெண்ணுமாக வந்து இறங்கினேன். அங்கே இருபத்து நான்கு வருடமும் பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் இந்தியாவில் எந்தப் பகுதி என்று கேட்டார்கள். மலேசியா என்றால், சரி, அது இந்தியாவில் எங்கே இருக்கிறது என்பார்கள். இங்கே என் தமிழில் ஏதோ இழுவை இருக்கிறதாம். கடைக்காரர் என்னிடம் மலாயில் விலை சொல்கிறார்.

ஓல்யா எழுதாததை நானாவது எழுதி வைக்கிறேன் என்று அன்றைக்கே உட்கார்ந்தேன்.

சப்போரிஷியா என்றால் பாறைகளுக்கு அப்பால் என்று பொருள். நீப்பர் ஆறு அந்தப் பக்கத்தில் ஒன்பது இடங்களில் கருங்கல் பாறைகள் மேல் விழுந்து நுரைத்துக்கொண்டு ஓடியது. படகுக்காரர்கள் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையில் நடந்துதான் அதைக் கடப்பார்களாம். அந்தப் பாறைகளுக்குத் தெற்கே கிடந்த நிலத்துக்கு வந்த பெயர் இது. இப்போது போய்ப் பாறை எங்கே என்று தேடினால் கிடைக்காது. 1932இல் கட்டி முடித்த பெரிய அணை எல்லாவற்றையும் மூழ்கடித்துவிட்டது. ஊருக்குப் பெயர் கொடுத்ததே தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

அந்த அணை வில்லாக வளைந்தது. நகரத்தின் நடுச்சாலை பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போய் அணைக்குப் பக்கத்தில் முடியும். நான் போன காலத்தில் சாலை முடியும் இடத்தில் பிரம்மாண்டமான ஒரு லெனின் சிலை அணையைக் கை காட்டிக்கொண்டு நின்றது. ஒரு வருடம் அதற்குப் பூவேலை செய்த உக்ரேனியச் சட்டை தைத்து மாட்டினார்கள். அந்தச் சட்டைக்கு எத்தனை மீட்டர் துணி பிடித்திருக்கும் என்று நானும் என் கணவர் ஆந்த்ரியும் வீடு வரைக்கும் வாதாடிக்கொண்டு வந்தோம். பிறகு 2016இல் சிலையையே இறக்கிவிட்டார்கள். பீடம் மட்டும் நின்றது.

அணைக்குக் கீழே ஆறு இரண்டாகப் பிரிந்து ஹோர்த்தித்சியா என்ற தீவைச் சுற்றிக்கொண்டு போகிறது. கொசாக் வீரர்களின் தீவு. புல்வெளியும் பாறையும் ஓக் காடும் என்று அரை நாள் நடந்தாலும் தீராது. தீவுக்குப் போகும் பழைய வளைவுப் பாலத்தில் மேல் தட்டில் ரயில் போகும், கீழ்த் தட்டில் கார் போகும். ஓல்யா சைக்கிள் கற்றுக்கொண்டது அந்தத் தீவில்தான். விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்ட தழும்பு இன்னும் இருக்கிறது. இங்கே தோழிகள் கேட்டால் ரிங்லெட் சந்தையில் விழுந்தேன் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

பிறகு நகரத்தின் பழைய ஓக் மரம் ஒன்று. எழுநூறு வயது என்கிறார்கள். மரம் முழுக்கப் பட்டுப்போய், ஒரே ஒரு கிளை மட்டும் வசந்தத்தில் துளிர்க்கும். ஓல்யாவைத் தோளில் உட்காரவைத்து ஆந்த்ரி அந்தக் கிளையைக் காட்டுவார்.

இன்னொன்றும் எழுத வேண்டும். 1941இல் ஜெர்மன் படை நெருங்கியபோது, பின்வாங்கிய சோவியத் படையே அந்த அணையை வெடி வைத்துத் தகர்த்தது. கீழே இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எத்தனை பேர் போனார்கள் என்று இன்றுவரை சரியான கணக்கு இல்லை. என் மாமனாரின் பெரியப்பா குடும்பம் தாழ்ந்த கரையில் இருந்தது. பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்து உருளைக்கிழங்கு வைக்கும் நிலவறைக்குள் இறங்கி மூடிக்கொண்டார்கள். தண்ணீர் அங்கேதான் வந்தது. அணையைக் கடக்கும்போதெல்லாம் மாமனார் காருக்குள் இதைச் சொல்வார். "கூரை மேல ஏறியிருந்தா பொழச்சிருப்பாங்க" என்று ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி முடிப்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆமாம் மாமா, பாவம் மாமா என்று சொல்லிக்கொண்டே கைப்பைக்குள் லிப்ஸ்டிக்கைத் தேடுவேன்.

3

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே சங்கு, தோட்டத்தில் பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்கு ஊதுகிற சங்குதான். விடிந்தும் விடியாமலும் ஊதும். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு ஓடுவார். வரிசையில் நின்று கங்காணியிடம் பேர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. சங்கு ஊதினால் எழுந்திரு என்று மட்டும்தான் எனக்கு அர்த்தம். இப்போது அதே தோட்டத்து அலுவலகத்தில் நான் கணக்கெழுதும் கிராணி. என் மருந்தியல் பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்ள இன்னும் காகிதங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. பெரட்டுக்குச் சங்கும் இல்லை. நேப்பாளத்துப் பையன்களும் பங்களாதேஷ் பையன்களும் இயந்திரத்தில் கட்டை விரலை வைத்துவிட்டு மலையேறுகிறார்கள்.

2022 பிப்ரவரியில், போர் தொடங்கியதும், குண்டு வருகிறது என்று எச்சரிக்கும் இன்னொரு சங்கு எனக்குத் தெரிய வந்தது. எங்கள் வீடு ஐந்தாவது மாடியில். நிலவறைக்கு ஓட நேரம் இருந்தால் ஓட வேண்டும். இல்லையென்றால் இரண்டு சுவர் விதி. வெளிச்சுவர் அடியை வாங்கிக்கொள்ளும், உள்சுவர் சிதறலைத் தடுக்கும். ஆகவே ஜன்னலே இல்லாத இடத்தில், இரண்டு சுவர்களுக்கு உள்ளே உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அது செருப்பு அலமாரி இருந்த நடைவழி. மேலே குளிர்காலக் கோட்டுகள் தொங்கும். அதற்குக் கீழே மூன்று பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஓல்யாவுக்கு நான் வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுத்தேன். சங்கு ஊதினால் யோசிக்காதே. பக்கத்தில் சின்னப் பிள்ளை இருந்தால் கையைப் பிடித்துக்கொள். கீழே போ. ஜன்னல் இல்லாத இடத்துக்குப் போ. போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. சங்கு ஓயும்வரை வெளியே வராதே. காலையில் ஒரு முறை, படுக்கும்முன் ஒரு முறை ஒப்பிக்கச் சொல்வேன். தப்பாகச் சொன்னால் அதட்டுவேன்.

ஆபத்து நீங்கியது என்று அறிவிக்க அங்கே ஒரு சொல் உண்டு. வித்பீய். போனில் அது வந்ததும் ஆந்த்ரி எழுந்து கையை நீட்டுவார். "வித்பீய், ஓல்யா" என்பார். அதற்கப்புறம்தான் அவளுடைய மூடிய கை விரியும்.

மார்ச் நடுவில் நானும் ஓல்யாவும் எல்லைக்குப் போகும் கூட்டம் நிறைந்த ரயிலில் ஏறினோம். ஆந்த்ரியின் வயதுள்ள ஆண்கள் நாட்டை விட்டு வெளியேற முடியாது. முடிந்திருந்தாலும் அவர் வந்திருக்க மாட்டார். அவர் அணையின் மின் நிலையத்தில் பொறியாளர். "நான் போயிட்டா அதை யார் பாத்துப்பா?" என்று ஏதோ வீட்டில் மாடு கட்டியிருப்பதுபோலக் கேட்டார். 2024 மார்ச்சில் ஏவுகணைகள் அணையையே தாக்கியபோது ஒரு நாள் முழுக்க அவரிடமிருந்து செய்தி இல்லை. மறுநாள் ஒரு படம் அனுப்பினார். கரி படிந்த முகம். கீழே "சாப்பிட்டாச்சு" என்று நான் சொல்லிக் கொடுத்த தமிழில் எழுதியிருந்தார்.

காகித விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓல்யா பிறந்தது வெளிநாட்டில், அப்பா வெளிநாட்டவர். அம்மா மலேசியராக இருந்தால் மட்டும் அவள் காலத்துச் சட்டப்படி குடியுரிமை தானாக வந்துவிடாது. ஆகவே அவள் வருகையாளர். வருடா வருடம் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு நான் நிரப்பும் படிவங்களில் ஒன்றில் ஒரு கட்டம் உண்டு: திரும்பிப் போகும் தேதி. முதல் வருடம் நம்பிக்கையோடு ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி எழுதினேன். இரண்டாம் வருடம் யோசித்து எழுதினேன். மூன்றாம் வருடம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்க்காரப் பெண் அதிகாரி எட்டிப் பார்த்து, "ஏதாவது ஒண்ணு போடுங்க காக், யாரும் வந்து பிடிக்கப் போறதில்ல" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். காக் என்றால் அக்கா. நல்ல பெண். நானும் சிரித்துவிட்டு ஏதோ ஒன்றைப் போட்டேன்.

4

என் தம்பி குணா லெம்பா பெர்த்தாமில் பிளாஸ்டிக் கொட்டாய் போட்டுத் தக்காளியும், இங்கே கோபிஸ் என்று சொல்லும் முட்டைக்கோசும் விளைவிக்கும் பண்ணை வைத்திருக்கிறான். ரிங்லெட் அணைக்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கு அது. 2013இல் சேற்று வெள்ளம் வந்தபோது அவன் வீட்டில் இடுப்பளவு சேறு. நான் அதை சப்போரிஷியாவில், சாப்பாட்டு மேசையில், போனில் பார்த்து அழுதேன். பிறகு எல்லாரையும்போல மறந்தேன். அங்கே இருக்கிறவர்கள் மறக்கவில்லை. அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று சங்கு ஊதினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கோயில் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். குணாவின் ஐந்து வயது மகள் யாழினிக்குக்கூட அது தெரியும்.

எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், ஆனால் தெரியாது. நாங்கள் இருக்கும் தோட்டத்து வீடு உயரமான சரிவில் இருக்கிறது. பள்ளத்தாக்கில் ஊதுவது அங்கே கேட்காது.

இந்த வருடத் தொடக்கத்திலிருந்துதான் ஓல்யா பள்ளி விட்டதும் குணா வீட்டுக்குப் போகிறாள். தக்காளி தரம் பிரிக்க உதவுவாள், யாழினியைப் பார்த்துக்கொள்வாள். ஐந்தரைக்கு நான் போய் அழைத்து வருவேன்.

பள்ளிக்கூடத்துப் பேச்சுக்கு நான்கு நாள் இருக்கும்போது அது நடந்தது. மதியத்திலிருந்தே மழை. நான் அலுவலகத்தில் சம்பளத் தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றரை இருக்கும். குணா போன் செய்தான்.

"அக்கா, ஓல்யா ஒங்கிட்ட வந்துட்டாளா?"

"ஏன்டா? அங்கதான இருக்கா."

"சைரன் ஊதிருச்சுக்கா, தண்ணி தொறக்கறாங்க. எல்லாரும் மேட்டுக்கு வந்துட்டோம். ஓல்யாவயும் பாப்பாவயும் காணோம். பவானி பிளாஸ்டிக் கொட்டாயில இருந்தா. வீட்டுக்கு ஓடிப் பாத்தா யாரும் இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்களோட மேல ஏறிட்டாங்கன்னு நெனச்சிட்டா. இங்க வந்து பாத்தா இல்லக்கா. போன் அடிச்சாலும் எடுக்கல."

பவானி அவன் மனைவி. பின்னால் அவள் யாழினி யாழினி என்று கத்துவது கேட்டது. அவள் குரலுக்குப் பின்னால் சங்கு கேட்டது. ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி. இரண்டும் ஒரே மாதிரிதான் ஊதுகின்றன. அங்கே ஊதுவதும் இங்கே ஊதுவதும் ஒன்றுதான்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த மலையில் வேறு யாருக்கும் தெரிய நியாயமில்லை.

"குணா, ஒன் வீட்டுக்குக் கீழ ஜன்னல் இல்லாத ரூம் இருக்கா?"

"கோபிஸ் ஸ்டோர் இருக்கு. பின்னால, ஆத்துப் பக்கம், படி எறங்கிப் போகணும். ஏங்கா?"

"அங்க போ. ஓடு."

"அங்க யாருக்கா போவா? தண்ணி வந்தா மொத மொதல்ல அங்கதான..." என்றவன் அப்படியே நிறுத்தினான்.

"அவ அங்கதான்டா இருப்பா! நான்தான்டா சொல்லிக் குடுத்தேன்!"

போன் அறுந்தது. கார் சாவியை எடுத்தது நினைவில்லை. மழையில் மலைப்பாதை வளைவுகளில் நான் எப்படி ஓட்டினேன் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. உருளைக்கிழங்கு நிலவறை மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது. கூரை மேல ஏறியிருந்தா பொழச்சிருப்பாங்க. ஐயோ மாமா, நூறு முறை சொன்னீர்களே, ஒரு முறையாவது நான் காது கொடுத்தேனா என்று வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினேன்.

5

கோயில் மேட்டில் முப்பது நாற்பது பேர் நின்றிருந்தார்கள். நடுவில் குணா, தலையிலிருந்து கால்வரை சேறு. யாழினி அவன் இடுப்பில் இருந்தாள். ஓல்யா கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்குக் கீழே பள்ளிச் சீருடையின் நிறமே தெரியவில்லை.

குணா போனபோது ஸ்டோருக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கதவு உள்பக்கம் திறப்பது. மிதந்த கோபிஸ் கூடைகள் கதவில் போய் அடைத்துக்கொண்டதால் தோளால் இடித்துத்தான் திறந்தானாம். மூலையில் ஓல்யா அலமாரித் தட்டின் மேல் யாழினியை ஏற்றி உட்காரவைத்து, தன் உடம்பால் மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

பவானிக்குப் பயம் எல்லாம் கோபமாகியிருந்தது. "அறிவிருக்கா ஒனக்கு? சைரன் ஊதினா எவளாச்சும் பள்ளத்துல போய் ஒளிவாளா? எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?" என்று ஓல்யாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ஓல்யா பதில் சொன்னாள். ஆனால் உக்ரேனிய மொழியில் சொன்னாள். மூன்று வருடமாக வெளியாட்கள் முன்னால் அவள் அந்த மொழியைப் பேசியதே இல்லை. அன்று அவளுக்குத் தமிழ் ஒரு சொல்கூட வரவில்லை.

"என்னாங்கறா?" என்று பவானி என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு சுவர், ரெண்டு சுவர்னு சொல்றா" என்றேன். அதற்கு மேல் என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.

யாழினி குணாவின் இடுப்பிலிருந்து, "நான் சொன்னேம்மா, மேல போகணும்னு. அக்காதான் கேக்கல. அக்கா என் காதப் பொத்திக்கிட்டாங்க. பாட்டு பாடினாங்க. அக்கா கை ரொம்ப ஆடுச்சு" என்றாள்.

பவானியின் கை ஓல்யாவின் தோளிலிருந்து மெதுவாக இறங்கியது. அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. சட்டென்று அந்தச் சேற்றுத் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "சரிடி, சரிடி, ஒண்ணுமில்ல லா" என்று சொல்லிச் சொல்லி முதுகைத் தடவினாள்.

நான் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் உள்ளே வந்ததும் ஏன் வெளியே ஓடி வரவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சைரன் நிக்கலையேம்மா," என்றாள், அதே உக்ரேனிய மொழியில். "நிக்கற வரைக்கும் வராதேன்னு நீதான சொன்ன?"

அவளுடைய வலது கை இறுக மூடியிருந்தது. விரிக்கப் பார்த்தேன், விரியவில்லை. தேய்த்துவிட்டேன், அப்போதும் விரியவில்லை. மூன்று வருடமாக நான் சொல்லாத ஒரு சொல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "வித்பீய், ஓல்யா" என்று அவள் காதில் சொன்னேன். கை விரிந்தது. பிறகு அழுதாள். ரயில் ஏறிய நாளிலும் அழாதவள், அன்று அந்த ஊர் முழுக்கப் பார்க்க அழுதாள்.

ஒரு மணி நேரத்தில் ஆறு கரைக்குள் இறங்கிவிட்டது. ஒரு ஸ்டோர் கோபிஸ் போனது, வேறு சேதம் இல்லை.

அன்று நான் புரிந்துகொண்டதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்புகளுக்கே அர்த்தம் இல்லை. இவள் ஊரை மறந்துவிட்டாள் என்று குளியலறையில் அழுதேனே, என்ன பைத்தியக்காரத்தனம். ஓக் மரத்தை மறந்திருக்கிறாள். வளைவுப் பாலத்தை, தீவை, சைக்கிளை மறந்திருக்கிறாள். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததை மட்டும் அவள் உடம்பு அப்படியே வைத்திருக்கிறது. அந்த நகரத்திலிருந்து அவளுக்காக நான் பத்திரப்படுத்திக் கொடுத்தது அது ஒன்றைத்தான். புது ஊருக்குக் கூட்டி வந்து, பள்ளியில் சேர்த்து, அனுமதி வாங்கி, சேலைகூடக் கட்டப் பழக்கிவிட்டேன். இங்கே ஊதினால் மேலே போ என்று சொல்லத்தான் எனக்குத் தோன்றவில்லை. இந்த ஊர்க்காரி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த எனக்கே அது தெரியாதே.

6

பள்ளிக்கூடத்தில் ஓல்யா ரிங்லெட்டைப் பற்றியே பேசினாள். அணையின் படத்துக்குப் பிறகு புதிதாக ஒரு படம் சேர்த்திருந்தாள். கோயில் மேட்டுப் படிகள். சங்கு ஊதினால் இங்கே ஏற வேண்டும் என்று அதன் கீழே எழுதியிருந்தாள். குணாவின் பண்ணைக்குப் புதிதாக வந்த பங்களாதேஷ் பையன்கள் இரண்டு பேரைக் கையோடு கூட்டிப்போய் அந்தப் படிகளைக் காட்டிவிட்டும் வந்தாள்.

நடந்ததை ஆந்த்ரியிடம் நான் சொல்லவில்லை. அவருக்கு இருக்கிற கவலை போதாதா என்று விட்டுவிட்டேன். ஓல்யா வேறு மாதிரி நினைத்தாள்.

அடுத்த மாதம், சோதனைக்காகச் சங்கு ஊதப் போவதாக முன்கூட்டியே தகவல் வந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல். சோதனைதான், யாரும் ஏற வேண்டியதில்லை. ஓல்யா அது ஊதும் முன்பே ஏறினாள். யாழினியைக் கையில் பிடித்துக்கொண்டு, மூன்று நிமிடத்துக்குள் போகிறோமா பார்க்கலாம் என்று ஓட்டப்பந்தயம் மாதிரி ஏறினாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். மேலே போய் நின்றதும் அவள் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே காலை நேரம். ஆந்த்ரி பனியனோடு சமையலறையில் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் அனுப்பிய கேமரன் மலைத் தேயிலைதான்.

ஓல்யா உக்ரேனிய மொழியில், எல்லார் காதும் கேட்க, நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். தன் பள்ளிக்கூடப் பேச்சைச் சொன்னாள். பிறகு, "அப்பா, அந்த ஓக் மரத்துல அந்தக் கிளை இந்த வருஷம் துளிர்த்ததா?" என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்தார்.

அப்போது கீழே பள்ளத்தாக்கில் சங்கு ஊதியது.

ஆந்த்ரி கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். போனைக் கையில் பிடித்தபடியே நடந்தார். படம் ஆடியது, கூரை தெரிந்தது, கதவு நிலை தெரிந்தது, பிறகு இருட்டானது. தொங்கும் கோட்டுகள். செருப்பு அலமாரி. அதற்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "நீங்க பேசுங்க, நான் கேக்கறேன்" என்றார். பல ஆயிரம் மைல் தள்ளி ஊதிய பெர்த்தாம் பள்ளத்தாக்கின் சங்குக்கு அவர் அங்கே நடைவழியில் போய் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அது ஒங்களோடது இல்ல," என்றாள் ஓல்யா. "எங்களோடது. எங்க ஊரு அணை. இங்க ஊதினா மேல ஏறணும், நாங்க ஏறிட்டோம், பாருங்க." போனைத் திருப்பிப் பள்ளத்தாக்கையும் பிளாஸ்டிக் கொட்டாய்களையும் கீழே வளைந்து போகும் ஆற்றையும் காட்டினாள்.

எங்க ஊரு என்று அவள் சொன்னது எனக்கு அன்று வலிக்கவில்லை. ஆந்த்ரி சிரிக்க முயன்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அவருக்கும் அந்த விதி கால்களில் ஏறிவிட்டிருக்கிறது. தெரிந்தும் எழ முடியாமல் கோட்டுகளுக்குக் கீழே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓல்யா அவசரப்படுத்தவில்லை. யாழினியைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, போனை ஒரு கையால் முகத்துக்கு நேரே பிடித்தபடி காத்திருந்தாள். கீழே சங்கு இறங்கி, இறங்கி, ஓய்ந்தது. அவள் காலியாக இருந்த மறு கையை, இங்கிருந்து எட்டும் என்பதுபோல, திரையை நோக்கி நீட்டினாள்.

"வித்பீய், அப்பா," என்றாள். "வெளிய வாங்க."